பீன்யா பட்டறைக்கு இ.எஸ்.ஜி. கேள்வித்தாள் வந்திருக்கிறது, எங்கிருந்து தொடங்குவது?

பீன்யா மணி (திங்கள், இரவு 9.10)

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டை இரண்டாம் ஸ்டேஜில் சி.என்.சி. பட்டறை நடத்துகிறேன். நாற்பது பேர், இரண்டு ஷிஃப்ட். ஷாஃப்ட், கப்ளிங், ஃபிளேஞ்ச் மாதிரி எஃகுச் சாமான்கள். பாதி உள்ளூர் கம்பெனி ஒன்றுக்குப் போகிறது, மீதி ஏற்றுமதியாளர் ஒருவர் வழியாக ஜெர்மனிக்கு.

இரண்டு பேருமே சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் (இ.எஸ்.ஜி.) பற்றிய சஸ்டைனபிலிட்டி கேள்வித்தாள் என்று பெரிய எக்செல் அனுப்பியிருக்கிறார்கள். ஸ்கோப் 1, 2, 3 (நேரடியாக எரிக்கும் எரிபொருள், வாங்கும் மின்சாரம், மற்ற மறைமுக வழிகள் என்று மூன்றாகப் பிரித்த கார்பன் உமிழ்வு) எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, கழிவு எங்கே போகிறது, விபத்து விகிதம் என்ன, 2030 இலக்கு என்ன என்று போய்க்கொண்டே இருக்கிறது. தெரிந்த ஆலோசகர் ஒருவர், "நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார். அதைக் கேட்டுத்தான் பயம் அதிகமாகிவிட்டது. இந்த வேலையில் இருப்பவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

வாசுகி எச்.எஸ்.ஆர். (திங்கள், இரவு 10.25)

மணி சார், இரண்டு தாளையும் தனித்தனியாக வையுங்கள். கேள்விகள் ஒன்று போலத் தெரியும், கேட்கிற காரணம் வேறு.

முதலில் உள்ளூர் கம்பெனி. பங்குச்சந்தையில் மதிப்பு வாரியாக முதல் 1000 இடத்தில் இருக்கும் கம்பெனிகள் 2022-23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும், பங்குச்சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியின் விதி. அதிலிருந்து முக்கியமான அளவீடுகளை மட்டும் பிரித்து 2023ல் 'பி.ஆர்.எஸ்.ஆர். கோர்' என்று கொண்டுவந்தார்கள். சப்ளையர் விவரம் கேட்பது இந்தக் கோரின் ஒரு கிளை. அது முதல் 250 கம்பெனிகளுக்கு மட்டும்தான். அவர்களும் தங்கள் கொள்முதல் மதிப்பில் 2 சதவீதமோ அதற்கு மேலோ யாரிடம் வாங்குகிறார்களோ அவர்களைப் பற்றிச் சொன்னால் போதும். 2025-26ல் அதுவும் விருப்பம்தான், கட்டாயமில்லை.

உங்கள் சாமான் அவர்கள் கொள்முதலில் 2 சதவீதம் வருமா? நாற்பது பேர் பட்டறைக்கு வாய்ப்பு குறைவு. அப்படியானால் உங்களைக் கேட்பது செபி இல்லை. கொள்முதல் பிரிவு பட்டியலில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே மெயிலைத் தட்டிவிட்டிருக்கிறது. நேரில் பேசினால் பாதிக் கேள்வி உதிர்ந்துவிடும். அந்த மெயிலை அனுப்புகிற பக்கத்தில்தான் நான் வேலை பார்க்கிறேன், தைரியமாகக் கேளுங்கள்.

ஜெர்மனித் தாளுக்கு எச்.எஸ். குறியீட்டை (சுங்கத்தில் சாமானை வகைப்படுத்தும் எண்) பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி, சி.பி.ஏ.எம்., 2023 அக்டோபரில் வெறும் அறிக்கையாகத் தொடங்கியது. 2026 ஜனவரியிலிருந்து பணம் கட்டவேண்டிய கட்டம். குழாய்க்கான ஃபிளேஞ்ச் 7307ல் வரும், அது பட்டியலுக்குள். ஷாஃப்டும் கப்ளிங்கும் 8483, இப்போதைய பட்டியலுக்கு வெளியே. ஆக உங்கள் சாமானில் ஒரு பகுதிக்கு மட்டும் கவலைப்பட்டால் போதும். ஆண்டுக்கு மொத்தம் 50 டன் வரை மட்டுமே இறக்குமதி செய்பவருக்கு விலக்கும் உண்டு, அதையும் ஏற்றுமதியாளரைக் கேட்கச் சொல்லுங்கள்.

ஃபிளேஞ்ச் கணக்கிலும் பெரும்பங்கு உங்கள் பட்டறைக்கு வருவதற்கு முன்பே, எஃகு ஆலையிலேயே முடிந்துவிடுகிறது. எஃகோடு வரும் மில் டெஸ்ட் சர்ட்டிஃபிகேட்டில் ஆலையின் பெயர் இருக்கும். ஊது உலையில் உருக்கியதா, மின் உலையில் உருக்கியதா என்று எஃகு விற்கும் ஸ்டாக்கிஸ்டிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். அந்த ஒரு காகிதம் உங்கள் பட்டறையின் மொத்தக் கணக்கையும் விடப் பெரிய விஷயம்.

வம்பு வரதன் (திங்கள், இரவு 11.05)

வாசுகி மேடம் சொல்வது சட்டப்படி சரி. ஆனால் பெரிய கம்பெனிகள் தங்கள் அறிக்கையில் என்ன செய்கின்றன என்பதையும் பேசுவோமே. "ஒரு கோடி ரூபாய் வருமானத்துக்கு இத்தனை டன், போன ஆண்டைவிட 6 சதவீதம் குறைவு" என்று பச்சைப் பட்டை போட்டுக் காட்டுவார்கள். ஏற்றுமதிக் கம்பெனிக்கு டாலர் மதிப்பு ஏறினாலே ரூபாய் வருமானம் ஏறும். ஒரு விளக்கைக்கூட அணைக்காமல் அந்த விகிதம் குறைந்துவிடும். இதற்குப் பேர் நிர்வாகமா?

அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு ஆபீசில் பேப்பர் கப்பை நிறுத்திவிட்டு அதற்கு விழா எடுத்தார்கள். அதே ஆபீசுக்கு வருகிறவர்கள் சில்க் போர்டு சிக்னலில் தினமும் டீசல் கேபில் வெந்துகொண்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கு எங்கே?

வாசுகி எச்.எஸ்.ஆர். (செவ்வாய், காலை 8.15)

வரதன் சார், விகிதத்தைப் பற்றிய குறை நியாயம்தான். ஆனால் கோரில் வாங்குதிறன் சமநிலைப்படி (நாடுகளின் விலைவாசி வித்தியாசத்தைச் சரிசெய்து) திருத்திய வருமானத்துக்கும், உற்பத்தி அளவுக்கும் தனித்தனியாக விகிதம் கேட்கிறார்கள். மொத்த டன்னும் அதே அட்டவணையில் மேல் வரியில் இருக்கிறது. யாரும் அந்த வரியைப் படிப்பதில்லை, முன்பக்கத்துப் பச்சைப் பட்டையைப் படிக்கிறார்கள். பங்குதாரர் கூட்டத்தில் அதைக் கேட்க ஒருவர் எழுந்தால் போதும், அடுத்த ஆண்டு அறிக்கையின் தொனியே மாறும்.

ஊழியர் வந்துபோவது ஸ்கோப் 3ல் 7-ம் வகை. மொத்தம் 15 வகை. பி.ஆர்.எஸ்.ஆரில் ஸ்கோப் 3 கட்டாயமில்லாத பகுதியில் இருப்பதால் பலரும் எளிதான இரண்டு மூன்று வகையை மட்டும் கணக்கிட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். எது பெரியதோ அதை விட்டுவிட்டு எது எளிதோ அதை அளப்பது இந்தத் துறையின் நிஜமான வியாதி, அதை மறுக்கமாட்டேன்.

நீங்கள் கேட்காத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மின்சாரக் கணக்குக்கு இரண்டு முறை உண்டு. ஒன்று, நீங்கள் இருக்கும் இடத்து கிரிடின் (பொது மின்கட்டமைப்பின்) சராசரி உமிழ்வை வைத்து. மற்றது, யாரிடம் மின்சாரம் வாங்க ஒப்பந்தம் போட்டீர்களோ அதை வைத்து. பெங்களூரில் நிறைய ஐ.டி. வளாகங்கள் குரூப் கேப்டிவ் முறையில் சூரிய மின்சாரம் வாங்குகின்றன. அதாவது பயன்படுத்துவோர் சேர்ந்து அந்த மின்நிலையத்தில் குறைந்தது 26 சதவீதம் பங்கு வைத்து, உற்பத்தியில் 51 சதவீதமாவது பயன்படுத்த வேண்டும். இரண்டாம் முறையில் அந்த மின்சாரத்துக்கு உமிழ்வு பூஜ்யம். ஆனால் சர்வர் அறை ராத்திரி இரண்டு மணிக்கும் ஓடுகிறது, அப்போது அனல் நிலையம்தான் கை கொடுக்கிறது. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போடுகிற கம்பெனியை நான் நம்புவேன். ஒன்றை மட்டும் போட்டால் கேள்வி கேட்பேன்.

தணிக்கை தாமு (செவ்வாய், காலை 11.40)

பெரிய இடத்துப் பேச்சு இருக்கட்டும், மணிக்கு வழி சொல்வோம். நான் காஸ்ட் அக்கவுண்டன்ட், சிறு தொழில் கணக்குகள்தான் பார்க்கிறேன்.

மணி, முதலில் எல்லையைத் தீர்மானியுங்கள். பட்டறை மட்டுமா? வெளியே கொடுக்கும் ஹீட் டிரீட்மென்ட், பிளேட்டிங் சேருமா? சேர்க்காவிட்டால் தவறில்லை, சேர்க்கவில்லை என்று எழுத வேண்டும். பாதிச் சண்டை இந்த ஒரு வரி இல்லாததால் வருகிறது.

அப்புறம் எதையும் புதிதாக அளக்கத் தேவையில்லை, இருக்கிற பில்லை எடுங்கள். பெஸ்காம் மின்சார பில்லில் யூனிட் இருக்கிறது. மாதம் 12,000 யூனிட் என்று வைத்துக்கொள்வோம், ஆண்டுக்கு 1,44,000. மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் கிரிடின் சராசரியை வெளியிடுகிறது, யூனிட்டுக்கு 0.7 கிலோவை ஒட்டி வரும். பெருக்கினால் சுமார் 101 டன் கார்பன் டை ஆக்சைடு, இதுதான் உங்கள் ஸ்கோப் 2. ஜெனரேட்டருக்கு மாதம் 200 லிட்டர் டீசல் என்றால், லிட்டருக்கு 2.68 கிலோ வைத்து, ஆண்டுக்கு ஆறரை டன் கூட வராது. அது ஸ்கோப் 1. எந்த ஆண்டுப் பதிப்பின் எண்ணை எடுத்தீர்கள் என்று பக்கத்திலேயே குறித்து வையுங்கள். முடிந்தது. இதற்கா ஆலோசகர்?

தண்ணீருக்கு வாரிய பில், டேங்கர் வவுச்சர். போர்வெல்லில் மீட்டர் இல்லையென்றால் ஒன்று மாட்டுங்கள், எதையாவது ஊகித்து எழுதாதீர்கள். கழிவில் இரும்புத் துருவலுக்கு எடைச்சீட்டு இருக்கும். பயன்படுத்திய எண்ணெய்தான் கவனம். 2016 அபாயக் கழிவு விதிப்படி அது பட்டியலில் உள்ள பொருள், அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போக வேண்டும், படிவம் 10 (கழிவு யாரிடம் போகிறது என்று காட்டும் சீட்டு) இருக்க வேண்டும். பேரல் கணக்கில் காசு கொடுத்து வாங்கிப்போகிற ஆள் அந்தப் படிவத்தைத் தரமாட்டார். ஜெர்மனிக்காரர் கேட்காவிட்டாலும் இதைச் சரி செய்துகொள்ளுங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்கும்.

விபத்து விகிதம் பார்த்துப் பதறவேண்டாம். பத்து லட்சம் வேலை மணி நேரத்துக்கு எத்தனை விபத்து என்பது கணக்கு. நாற்பது பேர், ஆளுக்கு 2400 மணி, மொத்தம் 96,000. ஒருவருக்கு விரலில் அடிபட்டு ஒரு நாள் லீவு எடுத்தாலே விகிதம் 10.4 என்று வரும். பெரிய தொழிற்சாலை தன் எண்ணை இதோடு ஒப்பிட்டால் நீங்கள் கொலைக்களம் நடத்துவதுபோலத் தெரியும். விகிதத்துக்குக் கீழே நிஜ எண்ணிக்கையையும், மூன்று ஆண்டுக் கணக்கையும் எழுதுங்கள். தயவுசெய்து விபத்தை மறைக்காதீர்கள்.

பீன்யா மணி (செவ்வாய், மாலை 6.30)

தாமு சார், வாசுகி மேடம், ரொம்ப நன்றி. ஆலோசகர் தந்த மாதிரியில் "2050க்குள் நெட் ஜீரோ" (நிகர உமிழ்வு பூஜ்யம்) என்று இலக்குப் பத்தி தயாராக இருக்கிறது. அதை அப்படியே போடலாமா? எனக்கு அடுத்த ஆண்டு ஆர்டரே நிச்சயம் இல்லை.

மட்டுறுத்துநர்

ஆலோசகர்களின் பெயர், கைபேசி எண் போட்ட பதிவுகள் இரண்டு நீக்கப்பட்டன. விளம்பரம் வேண்டாம்.

கம்ப்ரஸர் குமரேசன் (செவ்வாய், இரவு 8.50)

2050ஐ விடுங்கள் அண்ணே, இன்றைக்கு ராத்திரி ஒரு சோதனை செய்யுங்கள். நான் பொம்மசந்திராவில் பராமரிப்பு வேலை, இருபது வருஷமாக இதே பொழப்பு.

இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து மெஷின் எல்லாம் நின்ற பிறகு காற்றழுத்தும் கம்ப்ரஸரை மட்டும் ஓட்டுங்கள். காற்றை யாரும் பயன்படுத்தவில்லை, லைன் முழுக்க அழுத்தத்தில் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் கம்ப்ரஸர் அன்லோடு ஆகும் (காற்றை அழுத்துவதை நிறுத்தும்), அழுத்தம் குறைந்ததும் மறுபடி லோடு ஆகும். போன் ஸ்டாப்வாட்சில் லோடு நேரம், அன்லோடு நேரம் இரண்டையும் பல சுற்றுக்குக் குறித்து, லோடு நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் கசிவு சதவீதம் வந்துவிடும். மூன்று நிமிஷம் லோடு, ஏழு நிமிஷம் அன்லோடு என்றால் 30 சதவீதம். யாருமே பயன்படுத்தாத நேரத்தில் கம்ப்ரஸர் செய்த வேலை அத்தனையும் ஓட்டை வழியாகப் போனது. சரியாகக் கவனிக்காத பட்டறையில் 20 முதல் 30 சதவீதம் கசிவது சகஜம்.

அப்புறம் சத்தம் அடங்கிய நேரத்தில் லைனோடு நடந்து போங்கள். குவிக் கப்ளர், காற்றை வடிகட்டும் எஃப்.ஆர்.எல். யூனிட்டின் கிண்ணம், ஏர் கன் ஹோஸ், இந்த மூன்றிலும்தான் முக்கால்வாசி இருக்கும். காதுக்கே கேட்கும். சந்தேகம் வந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் பூசுங்கள். சாக்பீஸால் வட்டம் போட்டு எண் எழுதி, ஞாயிற்றுக்கிழமை ஆள் விட்டு மாற்றுங்கள்.

உங்களிடம் 11 கிலோவாட் கம்ப்ரஸர் இருக்கும் என்று நினைக்கிறேன். 30 சதவீதம் கசிந்தால் மணிக்கு 3.3 யூனிட், மாதம் 400 மணி ஓடினால் 1,320 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் பத்தாயிரத்துக்கு மேல். தாமு சார் போட்ட கணக்கின்படி ஆண்டுக்கு 11 டன், உங்கள் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. கசிவு முழுக்கப் போகாது, பாதி போனாலும் லாபம். இதை இலக்காக எழுதுங்கள்.

தணிக்கை தாமு (செவ்வாய், இரவு 9.20)

குமரேசன் சொன்னதோடு ஒரு வரி. இலக்கில் அடிப்படை ஆண்டு, அளவு, பொறுப்பாளர் பெயர், எந்த மாதம் மறுபடி பார்ப்பது, நான்கும் இருக்க வேண்டும். "மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கசிவுச் சோதனை, 10 சதவீதத்துக்குள்" என்று எழுதினால் அதைப் படிக்கிற ஆடிட்டர் உட்கார்ந்து படிப்பார். 2050க்கு யாரைப் பிடித்துக் கேட்பது?

கட்டட ராசா (புதன், காலை 7.30)

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். கம்பெனிக் கணக்காவது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருகிறது, தப்பினால் அடுத்த ஆண்டு திருத்தலாம். எங்கள் கட்டட வேலையில் அந்த வசதி கிடையாது. ஒயிட்ஃபீல்டு பக்கம் புராஜெக்ட் மேனேஜராக இருக்கிறேன். கான்கிரீட் போட்ட பிறகு மதிப்பீடு செய்து என்ன பிரயோஜனம்?

எங்களுக்குச் சிமெண்டுதான் பெரிய எண். சிமெண்டின் மூலப்பொருளான கிளிங்கர் ஒரு டன் தயாரிக்க முக்கால் டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளிவருகிறது. அதில் அரை டன் எரிபொருளால்கூட இல்லை, சுண்ணாம்புக்கல் சூட்டில் பிரிவதாலேயே வருகிறது. பல்லாரிப் பக்கத்து எஃகு ஆலைக் கசடை அரைத்த ஜி.ஜி.பி.எஸ். பொடியைப் பாதி சேர்த்தால் சிமெண்டு பாதியாகும். ஆனால் அது மெதுவாக இறுகும். அலுமினியம் ஷட்டரிங்கில் (கான்கிரீட் வார்க்கும் அச்சு) ஏழு நாளுக்கு ஒரு தளம் என்று அட்டவணை போட்டுவிட்டால் ஸ்லாபுக்கு அந்தக் கலவை ஒத்துவராது. ஷட்டரிங் வாடகை ஏறும், விற்பனைப் பிரிவு கத்தும். ஆக, கட்டடத்தின் கார்பனைத் தீர்மானிப்பது சஸ்டைனபிலிட்டி அதிகாரி இல்லை, அட்டவணை போட்டவர்.

நாங்கள் செய்தது, எங்கே அவசரம் இல்லை என்று பிரித்துப் பார்த்தது. ராஃப்ட் அடித்தளத்துக்கும் பைல் கேப்புக்கும் (நிலத்தடித் தூண்களின் மேல் மூடி) முழுப் பளு வர மாதக்கணக்கில் ஆகும். அங்கே 28 நாள் வலிமைக்குப் பதிலாக 56 நாள் வலிமையை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று ஸ்ட்ரக்சுரல் டிசைனரிடம் கேட்டோம். ஒத்துக்கொண்டார், ஜி.ஜி.பி.எஸ். அளவைக் கூட்டினோம். ஸ்லாபைத் தொடவில்லை. டெண்டருக்கு முன்பே கேட்டதால் ஒரு பைசா கூடுதல் செலவில்லை. டெண்டர் முடிந்த பிறகு கேட்டிருந்தால் ஒப்பந்தக்காரர் அதற்கு ஒரு வேரியேஷன் (மாற்றத்துக்கான கூடுதல்) பில் நீட்டியிருப்பார்.

இதற்கென்றே கிரீன் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் என்ற அமைப்பின் பி5 தரநிலை இருக்கிறது. மனிதர், பூமி, பொருள்வளம் என்று மூன்று பக்கமும் பார்த்து, புராஜெக்ட் நடக்கும் முறையையும் அது விட்டுச்செல்லும் பொருளையும் தனித்தனியாக மதிப்பிடச் சொல்கிறது. மதிப்பெண் அட்டவணையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தொடக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கவைக்கிறது, எனக்கு அது போதும்.

பெல்லந்தூர் செல்வி (புதன், காலை 10.10)

ராசா அண்ணா, நீங்கள் கட்டிக் கொடுத்துவிட்டுப் போன பிறகு மாட்டிக்கொள்வது எங்களைப் போன்ற சங்கத்துக்காரர்கள். எங்கள் அடுக்குமாடிக்குப் பசுமைத் தரச்சான்று உண்டு, லாபியில் பித்தளைப் பலகை மாட்டியிருக்கிறது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டியதற்கும், கழிவறைக்குத் தனிக் குழாய் போட்டதற்கும் புள்ளி கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குழாயில் சுத்திகரித்த தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்க ஒருத்தரும் திரும்ப வரவில்லை.

வந்தது நாற்றம். கரண்ட் பில் குறைக்கிறேன் என்று ஆபரேட்டர் ராத்திரி காற்றூதும் புளோயரை நிறுத்திவிடுகிறார், காற்று இல்லாமல் தொட்டியில் இருக்கும் பாக்டீரியா செத்துப்போகிறது. வீட்டுக்காரர்கள் முகம் சுளித்து, கழிவறைக்குக் காவேரித் தண்ணீரையே திருப்பிவிட்டார்கள். அந்தத் தண்ணீர் நூறு கிலோமீட்டர் தள்ளி, காவிரிக் கரையிலிருந்து மேட்டுக்கு ஏற்றி வருவது. அறிக்கையில் மின்சாரம் மிச்சம் என்று ஒரு எண் வரும், தண்ணீர் பக்கம் யாரும் சேர்த்துப் பார்க்கமாட்டார்கள்.

இப்போது வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவை வைத்திருக்கிறோம். காலையில் ஏரேஷன் தொட்டியிலிருந்து முகர்ந்து அரைமணி வைத்தால் சேறு கால் பாகத்திலிருந்து மூன்றில் ஒரு பாகம் வரை படிய வேண்டும், மேலே தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். படம் எடுத்துச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். படம் வரத் தொடங்கிய பிறகு புளோயர் நிற்பதில்லை. 2024 தண்ணீர்ப் பஞ்சத்தில் சுத்திகரித்த தண்ணீரில் பாதி வரை வெளியே விற்கலாம் என்று அரசு அனுமதித்ததே, அதற்கும் இந்தத் தரம் இருந்தால்தான் வாங்க ஆள் வருவார்கள்.

கட்டட ராசா (புதன், மதியம் 1.45)

செல்வி, ஒத்துக்கொள்ள வேண்டிய விஷயம். எங்கள் பக்கத்தில் புராஜெக்ட் என்றால் சாவி ஒப்படைப்பதோடு முடிகிறது, போனஸும் அதோடு முடிகிறது. இப்போது ஒப்பந்தத்தில், ஆட்கள் குடிவந்து நிலையம் பாதிக் கொள்ளளவுக்கு மேல் ஓடத் தொடங்கிய பிறகு ஓராண்டு இயக்கிக் காட்ட வேண்டும், அதுவரை பிடித்தத் தொகையில் (ஒப்பந்தக்காரருக்குத் தராமல் நிறுத்திவைப்பது) ஒரு பகுதி நிற்கும் என்று ஒரு வரி சேர்க்கிறோம். காலி வீட்டில் டெஸ்ட் ஓட்டிக் காட்டுவது வெறும் நாடகம். எல்லா பில்டரும் ஒத்துக்கொள்வதில்லை. உங்கள் சங்கம் ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடும்போது மாதக் கட்டணத்தில் கொஞ்சத்தையாவது தண்ணீரின் தரத்தோடு கட்டுங்கள்.

வம்பு வரதன் (புதன், மாலை 5.20)

இப்போதுதான் இழை எனக்குப் பிடிக்கிறது. சாக்பீஸ், குடுவை, பிடித்தத் தொகை. இது எதுவும் அந்தப் பச்சைப் பட்டை அறிக்கையில் வராது என்பதுதான் என் வயிற்றெரிச்சல். மணிக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருக்கும், அவருக்காக நானே கேட்கிறேன். இவ்வளவும் எழுதி அனுப்பினால் சரிபார்க்க ஆள் வருவார்களா? வந்தால் செலவு யாருடையது?

வாசுகி எச்.எஸ்.ஆர். (புதன், இரவு 9.00)

பெரிய கம்பெனிக்குக் கோர் அளவீடுகளுக்கு வெளியார் சரிபார்ப்பு உண்டு, அதற்கு அவர்கள்தான் செலவு செய்ய வேண்டும். மணி சார் அளவில் யாரும் நேரில் வருவது அரிது. வந்தாலும் மாதிரிக்கு ஒன்றிரண்டு மாதத்தை எடுத்துப் பார்ப்பார்கள். ஜூலை மாத யூனிட் எக்செலில் எவ்வளவு, பில்லில் எவ்வளவு, ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி. வாடிக்கையாளர் செலவை உங்கள் தலையில் கட்டப் பார்த்தால் விலைப்பேச்சில் அதையும் ஒரு வரியாகப் போடுங்கள்.

தணிக்கை தாமு (புதன், இரவு 9.35)

அதனால் எக்செலில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எந்த பில், எந்தத் தேதி என்று ஒரு நெடுவரிசை வையுங்கள், பில்களை ஸ்கேன் செய்து மாத வாரியாக ஒரே ஃபோல்டரில் போடுங்கள். தெரியாத கேள்விக்கு "அளக்கப்படவில்லை, இந்த மாதத்திலிருந்து தொடங்குகிறோம்" என்று எழுதுங்கள். பூஜ்யம் என்று போடாதீர்கள், அளக்காததும் பூஜ்யமும் வேறு வேறு. மணி, ஸ்டாக்கிஸ்ட் அந்த ஆலைக் காகிதத்தைத் தர மறுத்தால் இங்கேயே எழுதுங்கள், எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பிய கடித வாசகம் என்னிடம் இருக்கிறது, பெயரை நீக்கிவிட்டுப் போடுகிறேன்.